கயிற்றின் அந்தப் பக்கம்

நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. எனக்கு நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நேரங்களைக்கூட நான் குத்துமதிப்பாகச் சொல்லவில்லை. போட்டி முடிந்ததும் கையில் கொடுத்த நேரத்தாள் இதோ என் மேஜையில் இருக்கிறது. மற்றவை என் கைக்கடிகாரத்தில் பார்த்தவை. ஒரு நிமிடம் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நான் லேசில் பயப்படுகிற ஆள் கிடையாது. பதினெட்டு வருடமாக லிஃப்ட் பழுது பார்க்கிறேன். ஆளில்லாத கட்டடத்தில், இருட்டுக் குழிக்குள், கையில் ஒரு டார்ச்சோடு தனியாக நின்று வேலை செய்து பழகியவன். கயிறு என்றால் எனக்குத் தெரியும். அதில் தொங்குவது காலிப் பெட்டியா, ஆள் ஏறிய பெட்டியா என்று தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வயது நாற்பத்து நான்கு. தொப்பை உண்டு. தனிக்கட்டை. உறவு என்று சொல்லிக்கொள்ள ஒரே ஒரு தங்கை. அவள் ஆபரேஷன் வார்டில் நர்ஸ். அவள் வீட்டுக்காரர் கூரியர் வேன் ஓட்டுகிறார். நான் அவரை மாப்பிள்ளை என்பேன், அவர் என்னை மச்சான் என்பார். ஐந்து வருடத்துக்கு முன் தங்கைக்கு இந்தச் சாகசப் போட்டிப் பைத்தியம் பிடித்தது. மூன்று பேர் இருந்தால்தான் டீம். மூன்றாவது ஆளாக நீ வா அண்ணா என்றாள். சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரம். சரி என்று சொல்லித் தொலைத்தேன்.

போட்டி இதுதான். முப்பது மணி நேரம். கொஞ்சம் ஓட்டம், கொஞ்சம் சைக்கிள், மலை நடை, படகு. வழி சொல்ல ஆள் கிடையாது, ஒரு மேப் மட்டும். காடும் மலையுமாகப் பதினேழு இடங்களில் முழங்கால் உயரக் கம்பில் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். கையில் கட்டியிருக்கும் சிப்பை அதன் துளையில் வைத்தால் ஒரு சிவப்பு விளக்கு மின்னி, 'பீப்' என்று சத்தம் வரும். வந்துவிட்டோம் என்பதற்கு அதுதான் சாட்சி. மூவரும் பிரியாமல் போக வேண்டும். ஒருவர் உட்கார்ந்துவிட்டால் மூவரும் அவுட்.

இரண்டு முறை போனோம். இரண்டு முறையும் உட்கார்ந்தது நான்தான்.

முதல் முறை பதினாறாவது மணி நேரத்தில் வாந்தி. இரண்டாவது முறை இருபத்திரண்டாவது மணி நேரத்தில் கால் இரண்டும் மரக்கட்டை. மாப்பிள்ளை எனக்கு 'லக்கேஜ்' என்று பெயர் வைத்துவிட்டார். "லக்கேஜ் ஏறிடுச்சா?" என்று கேட்பார். நானும் சிரிப்பேன். தங்கை மட்டும் சிரிக்க மாட்டாள்.

இந்த முறை கிளம்புவதற்கு முந்தின இரவு, பக்கத்து அறையிலிருந்து அவர் குரல் கேட்டது.

"ஒரு தடவையாவது முடிக்கணும்னு உனக்கு ஆசை இல்லயா? வேற ஆளைப் போட்டுக்கலாமே."

தங்கை பதில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். அன்று படுக்கையில் கிடந்தபடி முடிவு செய்தேன். இந்த முறை 'முடியல' என்ற வார்த்தை என் வாயிலிருந்து வராது. செத்தாலும் வராது.

அப்படி நினைத்திருக்கக் கூடாது.

எங்கள் டீமின் கயிற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூன்று மீட்டர் நீளம், இழுத்தால் கொஞ்சம் நீளும் ரப்பர் கயிறு. ஒரு முனை தெம்பு இருக்கிறவரின் முதுகுப் பையில். மறுமுனை தெம்பு போனவரின் இடுப்புப் பட்டையில். அதாவது என் இடுப்பில். விதியில் இதற்கு அனுமதி உண்டு. கயிற்றில் மாட்டிவிட்டால் பேச்சு கிடையாது, மூச்சு வீணாகும். முன்னால் போகிறவர் ஒரு இழுப்பு இழுத்தால், 'நல்லா இருக்கியா?' என்று அர்த்தம். நான் ஒரு இழுப்பு இழுத்தால், 'இருக்கேன்.' யார் இழுத்தாலும் இரண்டு இழுப்பு என்றால், 'நில்லு.' கேட்டதற்குப் பதில் வரவில்லை என்றால், கேட்டவர் கட்டாயம் வந்து பார்க்க வேண்டும். இது தங்கை போட்ட சட்டம். நர்ஸ் அல்லவா, பதில் வராத ஆளை அவளால் விட முடியாது.

இன்னொரு வழக்கமும் உண்டு. நான் எங்காவது உட்கார்ந்து தூங்கிவிட்டால் தட்டி எழுப்ப மாட்டார்கள். இடுப்பில் கொக்கியை 'டிக்' என்று மாட்டி ஒரு இழுப்பு இழுப்பார்கள். நான் எழுந்து நடக்க ஆரம்பித்துவிடுவேன். கண்ணைத் திறப்பதெல்லாம் பிறகுதான். பேட்டரியை மிச்சம் பிடிக்க என் நெற்றி விளக்கையும் அணைத்துவிடுவேன். கயிறு போகிற பக்கம் கால் போகும்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். ஞாயிறு பகல் பன்னிரண்டுக்குள் முடிக்க வேண்டும்.

பகலைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஓடினோம், மிதித்தோம், ஏறினோம், இறங்கினோம். மதியத்துக்கு மேல் என் தொடை இரண்டும் என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டன. பொழுது சாயும்போது மாப்பிள்ளையின் இடது முழங்கால் பிசகியது. ஒவ்வொரு அடிக்கும் அது 'டக்... டக்...' என்று சத்தம் போட்டது. ஆனாலும் அவர்தான் என்னைக் கயிற்றில் மாட்டி, சைக்கிளோடு மேட்டில் ஏற்றினார். மனிதர் வாய்தான் அப்படி. மனசு நல்ல மனசு.

பதின்மூன்றாவது பெட்டி இரவு 12:52.

பூட்டிக் கிடந்த ஒரு தகரக் கொட்டகையின் முன்னால் சைக்கிள்களைப் போட்டோம். மாப்பிள்ளை கயிற்றைக் கழற்றிக்கொண்டார். இனி மலை முகட்டில் ஒன்பது கிலோமீட்டர் நடை. பனி இறங்கி, கை நீட்டினால் கை தெரியவில்லை. நான் கொட்டகைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன்.

"பத்து நிமிஷம் தூங்குண்ணா," என்றாள் தங்கை.

அந்த வார்த்தை முடியும் முன்பே தூங்கிவிட்டேன் என்று நினைக்கிறேன்.

'டிக்.'

இடுப்பில் கொக்கி விழுந்தது. ஒரு இழுப்பு. எழுந்தேன். பதில் இழுப்பு கொடுத்தேன். நடந்தேன். எத்தனை நேரமோ நடந்த பிறகுதான் கண் லேசாகத் திறந்தது. கடிகாரம் 1:10 காட்டியது.

முன்னால் வெளிச்சம் எதுவும் இல்லை. பனியில் நெற்றி விளக்கு போட்டால் கண் கூசும், அதனால் அணைத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். தங்கை அதற்கும் முன்னால் மேப்போடு போய்க்கொண்டிருப்பாள். என் வேலை நடப்பது. நடந்தேன்.

எவ்வளவு அசதி என்று உங்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. தூக்கம் கண்ணில் இல்லை, எலும்பில் இருந்தது. கல்லில் இடித்தால் வலி ரொம்ப நேரம் கழித்துத்தான் வந்து சேர்ந்தது. நடந்துகொண்டே தூங்கினேன். தூங்கிக்கொண்டே, தூங்குவது போலக் கனவு கண்டேன்.

1:40-க்கு ஒரு இழுப்பு. பதில் கொடுத்தேன்.

1:50-க்கு ஒரு இழுப்பு. பதில் கொடுத்தேன்.

2:00. ஒரு இழுப்பு.

மாப்பிள்ளை இப்படி நேரம் பார்த்துக் கேட்கிற ஆள் இல்லையே என்று தோன்றியது. அவருக்கு ஞாபகம் வந்தால் கேட்பார், வராவிட்டால் இல்லை. தங்கை சொல்லியிருப்பாள் என்று அதையும் விட்டுவிட்டேன். யோசிக்கவும் தெம்பு வேண்டுமே.

2:30 வாக்கில் வேறொன்று உறைத்தது.

மனிதன் இழுத்தால் கயிறு விட்டு விட்டு வரும். அடி வைக்கும்போது இறுகும், அடுத்த அடிக்கு முன் தளரும். அன்று பகல் முழுக்க அப்படித்தான் வந்தது. இது அப்படி இல்லை. ஒரே சீராக வந்தது. தளரவே இல்லை. மேல்மாடிக்கு ஏறுகிற லிஃப்ட் மாதிரி.

காதைக் கூர்மையாக்கினேன்.

என் ஷூ சத்தம். என் மூச்சு. என் பைக்குள் தண்ணீர் தளும்புகிற சத்தம். அவ்வளவுதான்.

மாப்பிள்ளையின் முழங்கால் சத்தத்தைக் காணோம்.

சரியாகியிருக்கும்... என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பாதை செங்குத்தாக ஏறியது. ஏற்றத்தில் முன்னால் போகிறவர் நம்மைவிட மேலே இருப்பார். கயிறு மேல்நோக்கித்தான் இழுக்கும். இதைத் தெரிந்துகொள்ள லிஃப்ட் மெக்கானிக்காக இருக்க வேண்டியதில்லை. ஆனால் என் இடுப்புப் பட்டை கீழே சரிந்துகொண்டே இருந்தது. கையால் தடவிப் பார்த்தேன். கயிறு நனைந்து சில்லென்று இருந்தது. என் இடுப்பிலிருந்து கீழே போனது. என் முழங்காலுக்கும் கீழே.

முன்னால் போகிறவர் நடந்தால், கயிறு அப்படிப் போகாது.

தூக்கம் போய்விட்டது.

நேரம் 3:07.

கூப்பிட வாயெடுத்தேன். 'மாப்ள, நில்லுங்க' என்று சொன்னால் போதும். சொல்லியிருப்பேன். ஆனால் பக்கத்து அறையில் கேட்ட அந்தக் குரல் நினைவுக்கு வந்தது. வேற ஆளைப் போட்டுக்கலாமே. நின்றால் நான் நின்றதாகும். இந்த வருடமும் அண்ணன்தான் என்றாகும்.

வாயை மூடிக்கொண்டேன். இன்னும் முக்கால் மணி நேரம் நடந்தேன். வெட்கத்தைச் சொல்கிறேன், பயத்தைவிட அதுதான் பெரிதாக இருந்தது.

3:52. இனித் தாங்காது என்று தோன்றியது.

கயிற்றைப் பிடித்து இரண்டு முறை இழுத்தேன்.

நில்லு.

கயிறு நின்றது. உடனே. வைத்த அடியை முடிக்கிற நேரம்கூட எடுக்கவில்லை.

நெற்றி விளக்கைப் போட்டேன். வெள்ளையாகப் பனி. வேறு ஒன்றும் இல்லை. கயிறு என் இடுப்பிலிருந்து சரிந்து, தரையை ஒட்டி ஓடி, பனிக்குள் போனது. எங்கள் கயிறு நீலம். அந்த வெளிச்சத்தில் அது கறுப்பாகத் தெரிந்தது.

"மாப்ள... முட்டி வலிக்குதா?"

விளக்கைக் கொஞ்சம் தாழ்த்தினேன்.

"மாப்ள?"

தரையில் ஏதோ உரசியது. ஈரத் துணியைக் கல்லின் மேல் இழுப்பது போல, ஒரே ஒரு முறை... பிறகு நின்றது.

நான் மூச்சு விடவில்லை.

கயிறு அசைந்தது.

ஒரு இழுப்பு.

நல்லா இருக்கியா?

இதைத்தான் என்னால் யாருக்கும் விளக்க முடியவில்லை. திரும்பி ஓடியிருக்கலாம். கொக்கியைக் கழற்றியிருக்கலாம். விரலால் ஒரு தட்டு தட்டினால் கழன்றுவிடும். நான் என்ன செய்தேன் தெரியுமா?

விளக்கை அணைத்தேன்.

ஒரு இழுப்பு கொடுத்தேன்.

இருக்கேன்.

நடந்தோம்.

4:25.

கயிறு தளர்ந்தது. இருட்டில், எனக்கு இரண்டடி முன்னால்...

'பீப்.'

பெட்டியின் சிவப்பு விளக்கு ஒரு கணம் மின்னியது. அதில் கம்பு தெரிந்தது. பெட்டி தெரிந்தது. பெட்டியின் முன் நிற்க வேண்டிய ஆள் தெரியவில்லை.

தடவிப் போய் என் சிப்பை வைத்தேன்.

'பீப்.'

'டிக்.' இடுப்பில் கொக்கி கழன்றது. நான் கழற்றவில்லை.

அப்படியே உட்கார்ந்தேன். பிறகு நடந்தது எதுவும் தெரியாது.

கன்னத்தில் விழுந்த அறையில்தான் விழித்தேன். தங்கை. அவள் கண் இரண்டும் வீங்கியிருந்தன. விடிந்திருந்தது. 5:52.

"எங்க போய்த் தொலைஞ்ச? ஏன்ணா இப்படிப் பண்ற?"

"உங்க கூடத்தானே வந்தேன். மாப்பிள்ளைதானே இழுத்தாரு."

இருவரும் என்னையே பார்த்தார்கள்.

விஷயம் இதுதான். நான் தூங்கியபோது தங்கை கொட்டகைக்குப் பின்னால் பாதை தேடப் போனாள். மாப்பிள்ளை ஓடையில் தண்ணீர் பிடிக்கப் போனார். அவர் திரும்பி வந்தபோது நான் இல்லை. தங்கையோடு போய்விட்டேன் என்று நினைத்தார். அவளோ, பாதையின் தொடக்கத்தில் நின்றுகொண்டு, அவர் என்னைக் கூட்டி வருகிறார் என்று நினைத்தாள். இருபது நிமிடம் இருவரும் இப்படியே இருந்திருக்கிறார்கள். பிறகு தேட ஆரம்பித்து, இரண்டு முறை கொட்டகைக்கே திரும்பிப் போய்ப் பார்த்திருக்கிறார்கள்.

ஆபத்துக்கென்று டீமுக்கு ஒரு போனைச் சீல் வைத்துக் கொடுத்திருந்தார்கள், அந்தச் சீலை உடைத்தால் போட்டி முடிந்தது. தங்கை இரண்டு மணியிலிருந்து அதைக் கையிலேயே வைத்திருந்தாளாம். உடைக்காததற்குக் காரணம், வழியெல்லாம் ஈர மண்ணில் என் ஷூ தடம் இருந்தது.

"என் தடம் மட்டுமா?" என்று கேட்டேன்.

"உன்னுது மட்டும்தான்."

மாப்பிள்ளை தன் பையின் பக்க அறையைத் திறந்து காட்டினார். கயிறு உள்ளே இருந்தது. நீலக் கயிறு. சுருட்டி, மேலே ரப்பர் பேண்ட் போட்டு.

நான் இடுப்பைக் குனிந்து பார்த்தேன். பட்டையின் வளையத்தில் ஒன்றும் இல்லை. வளையத்தைச் சுற்றிச் சேறு மட்டும் அப்பியிருந்தது.

"தூக்கத்துல நடந்திருக்கீங்க மச்சான்," என்றார் மாப்பிள்ளை. "எங்க ஆளுங்களுக்கும் வண்டி ஓட்டுறப்ப ராத்திரியில என்னென்னவோ தெரியும். எல்லாம் மண்டை காட்டுற வித்தை." சொல்லிவிட்டு, என்னைச் சுற்றியிருந்த தரையை இரண்டு முறை பார்த்தார். அன்று அதற்குப் பிறகு அவர் வாயிலிருந்து லக்கேஜ் என்ற வார்த்தை வரவில்லை.

"மேல போவோமா, இதோட விட்ருவோமா?" என்றாள் தங்கை. அவள் குரலில் ஆசை இருந்தது. என்னிடமிருந்து மறைக்கத்தான் பார்த்தாள்.

"போவோம்," என்றேன்.

மூவரும் சிப்பை வைத்தோம். நான் இரண்டாவது முறையாக வைத்தேன். கடைசியாக வைத்த நேரத்தைத்தான் எடுத்துக்கொள்வார்கள். கிளம்பும்போது என் முதுகுப் பக்கம் 'டிக்' என்றது. பையின் பக்கிள் என்று நினைத்தேன். நினைக்கத்தான் வேண்டும், வேறு என்ன செய்ய.

வெயில் வந்தது. பயம் கொஞ்சம் வடிந்தது. அசதி மட்டும் மாறிவிட்டது. இரவில் கால்தான் ஓய்ந்திருந்தது. இப்போது இடுப்பு கனத்தது. யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பது போல, ஒவ்வொரு அடிக்கும் ஒரு ஆள் பாரம். உத்தேசமாக எழுபது கிலோ என்று மனசு தானாகக் கணக்குப் போட்டது. தொழில் புத்தி. இறக்கத்தில்கூட நான் ஏறுகிறவன் மாதிரி முன்னால் சாய்ந்து நடந்தேன்.

பதினைந்தாவது பெட்டி, ஏரிக்கரை, 7:35. மூவரும் சிப் வைத்தோம். நான்தான் கடைசி.

"யாரு ரெண்டு தடவை வெச்சது?" என்றாள் தங்கை, மேப்பிலிருந்து கண்ணெடுக்காமல்.

மாப்பிள்ளை படகைத் தண்ணீரில் தள்ளிக்கொண்டிருந்தார்.

படகில் எனக்குக் கடைசி இருக்கை. எனக்குப் பின்னால் வெறும் வால்பகுதிதான். துடுப்புப் போட்டுக்கொண்டே மாப்பிள்ளை திரும்பிப் பார்த்தார்.

"என்ன மச்சான், பின்பக்கம் தாழுது?"

பார்த்தேன். படகின் பின்விளிம்பு தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருந்தது. நான் துடுப்பை இன்னும் வேகமாகப் போட்டேன்.

பதினாறு, 9:20. பதினேழு, 11:12. முடிவுக் கோட்டுக்கு இன்னும் இரண்டரை கிலோமீட்டர், நாற்பத்தெட்டு நிமிடம். சாதாரண நாளில் இதற்கு ஓடக்கூட வேண்டாம். ஆனால் அந்த இடுப்புப் பாரத்தோடு நான் ஊர்ந்தேன். தங்கை முன்னால் ஓடுவாள், நிற்பாள், திரும்பிப் பார்ப்பாள். வா என்று சொல்ல மாட்டாள். அவள் சொல்லாதது எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.

11:48. கடைசித் திருப்பம். தூரத்தில் முடிவுக் கோட்டின் வளைவு தெரிந்தது. ஆட்கள் கை தட்டுவது கேட்டது. தங்கை திரும்பிக் கையை நீட்டினாள். ஐந்து வருடத்தில் நான் பார்க்காத ஒரு சிரிப்பு.

அப்போது இடுப்பில், பின்னாலிருந்து...

ஒரு இழுப்பு.

இன்னொரு இழுப்பு.

நில்லு.

பட்டப்பகல். சுற்றிலும் ஆட்கள். கயிறு மாப்பிள்ளையின் பைக்குள் இருக்கிறது. எல்லாம் எனக்குத் தெரியும். ஆனாலும் நின்றேன். ஒரு மூச்சு நேரம். திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் ஏதாவது தெரிந்துவிடுமோ என்ற பயம். தெரியாமல் போய்விடுமோ என்ற பயமும்தான்.

"அண்ணா, வாண்ணா," என்றாள் தங்கை.

ஓடினேன்.

இரண்டாவது அடியில் 'டிக்' என்று கேட்டது. இடுப்பு லேசானது. அதற்குப் பிறகு நான் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து மாப்பிள்ளையே அசந்துபோனார். 11:53-க்குக் கோட்டைத் தாண்டினோம். தங்கை என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். சந்தோஷத்தில் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

பத்து நாள் போனது. நானும் தூக்கத்தில் நடந்தேன் என்றே மனதைத் தேற்றிக்கொண்டேன். ஒரு புதன்கிழமை, மாலை 4:10. ஒன்பதாவது மாடிக்கு மேலே மெஷின் அறையில் இருந்தேன். போன் அடித்தது. போட்டியில் நேரம் பார்ப்பவர். பெட்டிகளைப் பொருத்துவதும் கழற்றுவதும் அவர் வேலை.

"சார், சிப் நூத்தி முப்பத்தொண்ணு நீங்கதானே? ஒரு சந்தேகம். உங்க டீம்ல கூட யாராச்சும் வந்தாங்களா? நாலாவதா?"

"இல்லயே. மூணு பேருதான்."

"ரிசல்ட்டை நாங்க உங்க சிப்புலேர்ந்து எடுத்துடுவோம். பெட்டிக்குள்ளயும் தனியா ஒரு பதிவு இருக்கும். அதை நேத்துதான் இறக்கினேன். பதினாலாவது பெட்டியில, விடிகாலை நாலு இருபத்தஞ்சு. உங்களுக்கு ரெண்டு செகண்ட் முன்னாடி வேற ஒரு சிப் விழுந்திருக்கு. நம்பர் நாப்பத்தேழு."

"வேற டீமா இருக்கும்."

"இந்த வருஷம் நம்பரே நூறுலதான் சார் ஆரம்பம்."

நான் சுவரில் சாய்ந்தேன்.

"பதினஞ்சு, பதினாறு, பதினேழுலயும் இருக்கு. அங்கெல்லாம் உங்களுக்கு ரெண்டு செகண்ட் பின்னாடி."

"நாப்பத்தேழு யாருது?"

பழைய பட்டியலைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு சொன்னார். பதினோரு வருடத்துக்கு முன்னால் நடந்தது. இதே பாதை. மூன்று பேர் டீமில் மூன்றாவது ஆள். முடியாதவர். கயிற்றில்தான் வந்துகொண்டிருந்தார். பதின்மூன்றாவது பெட்டியில், அந்தத் தகரக் கொட்டகைச் சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டார். மற்ற இருவரும் தங்கள் பக்கத்துக் கொக்கியை மட்டும் கழற்றிவிட்டு, விடிந்ததும் வண்டி வந்து ஏற்றிக்கொள்ளும் என்று போய்விட்டார்கள்.

"அவரு முழிச்சு, இவங்களைத் தேடி மேல ஏறியிருக்காரு. பாதையில விழுந்து கால் ரெண்டும் போச்சு. அப்புறமும் நிக்கல. நாலு கிலோமீட்டர் தவழ்ந்தே போயிருக்காரு சார். பதினாலாவது பெட்டிக்குக் கூப்பிடு தூரத்துல கிடந்தாரு. இடுப்புல கயிறு அப்படியே இருந்துச்சு. கையில சிப் மட்டும் இல்ல. இன்னிக்கு வரைக்கும் கிடைக்கல."

என் இடுப்பு சில்லிட்டது.

"அந்த ரெண்டு பேரு?"

"மூணு பேரும் சேர்ந்தேதான் வரணும்ங்கிற விதி அப்ப இல்ல சார். முடிச்சாங்க. மெடலும் வாங்கினாங்க. அதுக்கப்புறம்தான் ஆளைக் காணோம்னே தெரிஞ்சுது."

"சரி," என்றேன். "முடிவுக் கோட்டுப் பெட்டியில நாப்பத்தேழு இருக்கா?"

"அங்க இல்ல சார். பதினேழோட நிக்குது. நீங்க ஏதாச்சும் பாத்தீங்களா?"

இல்லை என்று சொல்லி போனை வைத்தேன்.

இரவெல்லாம் என்னை இழுத்துக்கொண்டு போய்ச் சேர்த்தவர் அவர். பகலில் என் முறை. அவர் நில்லு என்றார். நான் ஓடினேன். இத்தனை வருடமாக என்னை யாராவது விட்டுவிட்டுப் போய்விடுவார்களோ என்று பயந்தவன் நான்.

தங்கையிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. மெடலை வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறாள். பார்க்கிறபோதெல்லாம் சிரிக்கிறாள். அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

போன் வந்த அன்று இரவிலிருந்து ஆரம்பித்தது. சரியாக 1:10. படுத்திருக்கும்போது இடுப்பில் ஒரு இழுப்பு. இரண்டு இல்லை. ஒன்று.

நல்லா இருக்கியா?

முதல் நாள் தெருப் பக்கத்திலிருந்து, ரொம்ப தூரத்திலிருந்து வந்தது. நான் மூன்றாவது மாடியில் இருக்கிறேன். இழுப்பு எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியும். அதுதான் என் தொழில். ஒரு வாரம் கழித்து அது படிக்கட்டிலிருந்து வந்தது. போன வாரம் வெளிக்கதவிலிருந்து.

நான் ஒரு நாளும் பதில் இழுக்கவில்லை. எந்த முகத்தோடு இழுப்பேன்? பதில் வரவில்லை என்றால் கேட்டவர் கட்டாயம் வந்து பார்க்க வேண்டும். கயிற்றில் வந்த எல்லோருக்கும் அது தெரியும்.

நேற்று இரவு இழுப்பு என் படுக்கையறை வாசலிலிருந்து வந்தது.

தரையிலிருந்து.